வாக்கே மணமாக: சுவீடனில் இணைவாழ்வின் நெடிய வரலாறு

மணச்சடங்கு ஏதுமின்றி, ஒரே துணையோடு ஒரே வீட்டில் பல்லாண்டுகள் காதலுடன் வாழ்ந்திருப்பது இன்றைய சுவீடனில் விதிவிலக்காகவோ கலகமாகவோ கருதப்படுவதில்லை. அந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் மணமாகாத தாய்மாருக்குப் பிறக்கின்றனர். அத்தாய்மாருள் மிகப் பலர் குழந்தையின் தந்தையோடு ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்துபவர்களே. இவ்வாறு சேர்ந்து வாழும் துணையைச் சுவீடன் மக்கள் 'சம்போ' என்பர்; உடன் வசிப்பவர் என்னும் பொருளுடைய இச்சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வழங்குவதோடு, சட்டப் புத்தகத்திலும் அரசுப் படிவங்களிலும் முறையான சொல்லாக இடம்பெற்றிருக்கிறது. வெளிநாட்டு நோக்கர்கள் பலர் இவ்வாழ்முறையை 1960களின் விடுதலை உணர்வு ஈன்ற புதுமை எனவும், சமயப் பிடிப்பு தளர்ந்ததன் விளைவு எனவும் விளக்கிவந்துள்ளனர். அவ்விளக்கம் முழுப் பிழையன்று. ஆயினும் கதையின் கடைசி இயலை மட்டும் படித்துவிட்டுச் சொல்லப்படுவது அது. ஒருவரை ஒருவர் நம்பிக் கொடுத்துக்கொள்ளும் வாக்கே இல்வாழ்வின் தொடக்கம், சடங்கு அதற்குப் பின்வரும் உறுதிப்பாடு மட்டுமே என்னும் எண்ணம் வட நாட்டுச் சிற்றூர்களில் பல நூற்றாண்டுகள் வேரூன்றியிருந்தது என்பதையும், சட்டம் அதனின்று விலகிச் சென்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அதனருகே திரும்பி வந்தது என்பதையும் கருத்திற்கொள்ளாமல் இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள இயலாது.

இவ்வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் சான்றுகளைப் பற்றியது. வாக்குத் தவறிய காதலன் மீது தொடுக்கப்பட்ட வழக்கும், கைவிடப்பட்ட பெண்ணின் முறையீடும், பரிசுப் பொருளைத் திருப்பிக் கேட்ட தந்தையின் சினமும் மாவட்ட நீதிமன்ற ஏடுகளில் விரிவாகப் பதிவாகியுள்ளன. மகிழ்ச்சியாக வாழ்ந்த இணையோ எந்த நீதிமன்றத்தின் படியையும் மிதிக்கவில்லையாதலால் அவ்வேடுகளில் அவர்களுக்கு இடமில்லை. நிறைவான காதல் விட்டுச்சென்ற தடயங்களை வேறு இடங்களில்தான் தேட வேண்டும். 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்திற்குப் பின் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்குட்பட்ட ஒவ்வொரு ஊர்ப் பகுதியிலும், பாதிரியார் பேணி வந்த குடும்பப் பதிவேடுகளில், ஒரே ஆண், ஒரே பெண் பெயர்களுக்கு எதிரே ஆண்டு தவறி ஆண்டு குழந்தைகளின் பெயர்கள் எழுதப்பட்டு, நெடுநாள் கழித்தே மணநாள் குறிக்கப்பட்டிருப்பது உண்டு. அருங்காட்சியகங்களில் உள்ள செதுக்கு வேலைப்பாடுடைய மரப் பொருள்களும் இத்தகைய சான்றுகளே. காதலின் வரலாற்றை வழக்குகளைக் கொண்டு மட்டுமே எழுதுவது, நலமாக வாழ்ந்தவர்களை மறந்து மருத்துவமனைக் குறிப்புகளைக் கொண்டு ஓர் ஊரின் வாழ்வை எழுதுவதற்கு ஒப்பாகும். ஐரோப்பியக் குடும்ப வரலாறுகளுள் சில இக்குறைக்கு ஆளானவை என்பதை மறுப்பதற்கில்லை.

இடைக்காலச் சுவீடனில் மணம் என்பது ஒரு நாளில், ஒரு கணத்தில் நிகழ்ந்து முடியும் செயலாக இருக்கவில்லை. இரு குடும்பங்களும் உடன்பட்டுச் செய்யும் நிச்சயம், பெண்ணை அவளுடைய காப்பாளர் மணமகனிடம் ஒப்படைத்தல், சாட்சிகள் அறிய இருவரையும் படுக்கைக்கு அழைத்துச் செல்லுதல் எனப் படிப்படியாக அது நிறைவேறியது. பாதிரியாரின் ஆசி இப்படிகளுள் பின்னர் வந்து சேர்ந்த ஒன்று. முதற்படியாகிய நிச்சயம் 'ட்ரூலோவ்னிங்' எனப்பட்டது. இருவரும் ஒருவருக்கொருவர் உண்மையாயிருப்பதாகச் செய்துகொள்ளும் உறுதிமொழி என்பது அதன் பொருள். பெண்ணின் மணக்காப்பாளர் முன்னிலையிலும் இருதரப்புச் சாட்சிகள் முன்னிலையிலும் அது நிகழ்ந்தது. நிச்சயப் பரிசாக மோதிரமோ, பட்டுத் துணியோ, பாடற்புத்தகமோ கொடுக்கப்பட்டது. பரிசு கொடுத்தவரே காரணமின்றி வாக்கை முறித்தால் அதைத் திரும்பப் பெறும் உரிமையை இழந்தார். ஊரார் கண்ணில் அன்று முதல் அவ்விருவரும் ஒருவருக்கு உரியவர் மற்றவர். திருமணம் அடுத்த கோடைக்கோ அதற்கடுத்த ஆண்டுக்கோ தள்ளிப்போனாலும் அந்த உறவின் மதிப்புக் குறைந்ததில்லை.

நிச்சயத்திற்கு முந்தைய பழக்கமும் கவனத்திற்குரியது. வட சுவீடனிலும் டாலர்னா போன்ற பகுதிகளிலும் பின்லாந்தின் சுவீடிய மொழி பேசும் கடற்கரை ஊர்களிலும் 'நட்ஃப்ரியேரி' எனப்படும் இரவுப் பெண்பார்ப்பு வழக்கில் இருந்தது. கோடைக்காலச் சனிக்கிழமை இரவுகளிலும் திருநாட்களுக்கு முந்தைய இரவுகளிலும் ஊரின் மணமாகா இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, மாடிக் களஞ்சியங்களிலும் மேய்ச்சல் நிலக் குடில்களிலும் துயிலும் இளம்பெண்களிடம் செல்வர். கதவைத் திறப்பதும் திறவாமல் விடுவதும் பெண்ணின் விருப்பம். அனுமதி பெற்றவன் உடை களையாமல் அவளருகே படுத்து விடியும்வரை பேசிக்கொண்டிருக்கலாம். எல்லை மீறியவனைத் தண்டிப்பதும் ஊரில் தலைகாட்ட முடியாதபடி செய்வதும் அந்த இளைஞர் குழுவின் பொறுப்பாகவே இருந்தது. பல பருவங்கள் இவ்வாறு பழகி, ஒருவர் மனம் ஒருவருக்குப் பிடித்துப்போன பிறகே நிச்சயம் வரை சென்றனர். பின்லாந்து அறிஞர் விக்மன் 1937ஆம் ஆண்டு வெளியிட்ட விரிவான ஆய்வு, இப்பழக்கம் ஒழுக்கக் கேடு அன்று, இளையோர் தாமே நடத்திய கண்டிப்பான ஒழுங்குமுறை என்பதைத் தெளிவாகக் காட்டிற்று. பெற்றோர் பொருத்தம் பார்த்து முடிக்கும் மணம் நிலவுடைமைப் பெருங்குடும்பங்களில் வலுவாக இருந்தபோதும், சிறு நிலமும் கூலி வேலையும் உடைய மக்களிடையே இளையோர் தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்ள இவ்வழக்கம் இடமளித்தது.

இக்காலத்தில் இளைஞன் தன் காதலிக்குத் தன் கையாலேயே செய்து கொடுத்த பொருள்கள் தனிச் சிறப்புடையவை. துவைத்த துணியின் சுருக்கத்தை நீக்கப் பயன்படும் நீண்ட மரப்பலகை, நூல் நூற்கும் கோல், வைக்கோல் வாரும் கருவி ஆகியவற்றில் பூவேலைப்பாடு செதுக்கி, வண்ணம் தீட்டி, இருவரின் பெயர் முதலெழுத்துகளையும் ஆண்டையும் பொறித்துக் கொடுத்தனர். பெண் தன் பங்காகச் சட்டை தைத்தோ கையுறை பின்னியோ கொடுத்தாள். பரிசு என்பதோடு, நாளை ஒரே வீட்டில் இருவர் கைகளும் சேர்ந்து செய்யவிருக்கும் வேலையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த மகிழ்ச்சியும் அப்பொருள்களில் உண்டு. பிற்காலக் காதல் இலக்கியம் வருணித்த ஏக்கத்தைக் காட்டிலும் இது உறுதியானது என்றே தோன்றுகிறது.

1734ஆம் ஆண்டின் பெரும் சட்டத்தொகுப்பு, தேவாலயத்தில் பாதிரியார் நடத்தும் மணமே நிறைவான மணம் என்று வகுத்தது. ஆயினும் பழைய வழக்கத்தை அதனால் முழுதும் ஒதுக்க இயலவில்லை: நிச்சயம் செய்துகொண்டவர்கள் உடலுறவு கொண்டுவிட்டால் அவ்வுறவு 'நிறைவுறாத மணம்' எனப்பட்டு, ஆண் தேவாலய மணத்திற்கு மறுத்தாலும் நீதிமன்றம் அப்பெண்ணை அவனுடைய மனைவியாக அறிவிக்கும் வழி திறந்தே இருந்தது. நிச்சயித்த பெற்றோருக்குப் பிறந்த குழந்தை, முறையற்ற பிறப்பு என்னும் இழிவிலிருந்து தப்பியது. வாக்குக்குச் சட்டம் அளித்த இம்மதிப்பு 1915ஆம் ஆண்டின் மணச்சட்டம் வரும்வரை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நீடித்தது என்பது இவ்வரலாற்றில் மிக முதன்மையான செய்தியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கேள்வி சிற்றூரை விட்டு நகரத்திற்கும் இலக்கியத்திற்கும் வந்தது. கார்ல் யோனாஸ் லோவே அல்ம்க்விஸ்ட் 1839இல் வெளியிட்ட 'தெட் கோர் ஆன்' என்னும் குறுநாவலில், ஸ்டாக்ஹோமிலிருந்து புறப்படும் நீராவிப் படகில் ஒரு படைத்துறை இளைஞனும், கண்ணாடி பதிக்கும் தொழிலாளி ஒருவரின் மகளான சாரா விடெபெக்கும் சந்திக்கின்றனர். தாயைச் சடங்குவழி மணத்தில் துன்புறக் கண்ட சாரா, தனித்தனி வருமானமும் தனித்தனி அறைகளும் வைத்துக்கொண்டு, பாதிரியாரின் துணையின்றி, அன்பு உள்ளவரை சேர்ந்து வாழலாம் என்று முன்மொழிகிறாள், இளைஞனும் உடன்படுகிறான். அவள் பெருங்கோட்பாடு எதையும் பேசுவதில்லை. தொழிலும் பணமும் நாளாந்த வாழ்வும் எப்படி நடக்கும் என்றே பேசுகிறாள். கதை இருவரின் துயரத்தில் முடிந்திருந்தால் சமயவாதிகள் அதைப் பாடமாக ஏற்றிருக்கக்கூடும். காதலர் இருவரும் மகிழ்ச்சியோடு இருந்ததே மன்னிக்க முடியாத குற்றமாயிற்று. மறுப்பு நூல்கள் பல எழுந்தன. ஸ்டாக்ஹோமில் பள்ளித் தலைமை வகித்த அல்ம்க்விஸ்ட் தம் பதவியை இழந்தார்.

எழுத்தாளர் இதைக் கற்பனையாக வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில் தலைநகரத்தின் உழைக்கும் மக்கள் இதை வாழ்ந்துகொண்டிருந்தனர். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்டாக்ஹோமில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் மணமாகாத தாய்மாருக்குப் பிறந்தவர்கள். நகரத்தின் சீர்கேட்டுக்குச் சான்றாக இவ்வெண்ணிக்கை நெடுங்காலம் காட்டப்பட்டது. 1850 முதல் 1890 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து 1984இல் மார்கரேட்டா மதோவிச் வெளியிட்ட ஆய்வு, அக்குழந்தைகளின் பெற்றோருள் கணிசமானோர் நிலையான இணையராகச் சேர்ந்து குடும்பம் நடத்தியவர்கள் என்பதை வெளிக்கொணர்ந்தது. இவ்வுறவைச் சமகாலத்தவர் 'ஸ்டாக்ஹோம் மணம்' என்று அழைத்தனர். மணவிழாச் செலவு, தேவாலயத்தில் மூன்று ஞாயிறுகள் அறிவிக்க வேண்டிய மண அறிவிப்பு, சொந்த ஊர்ப் பாதிரியாரிடமிருந்து பெற வேண்டிய சான்றிதழ் ஆகியவை, வேலை தேடி நகரம் வந்த பணிப்பெண்ணுக்கும் கைத்தொழிலாளிக்கும் பெரும் சுமையாயின. ஊரில் நிச்சயமே போதுமானதாக இருந்த பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, கையில் காசு சேரும்வரை மணத்தைத் தள்ளிப்போடுவதில் குற்றவுணர்வு தோன்றக் காரணம் இருக்கவில்லை. வறுமையின் விளைவாக மட்டும் இவ்வுறவுகளைக் காண்பது அம்மக்களுக்குச் செய்யும் அநீதியாகும். வறுமை மணத்தைத் தடுத்திருக்கலாம், ஆனால் ஒருவரோடு ஒருவர் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்க வைத்தது வறுமையன்று.

படித்த வகுப்பினருக்கோ காரணம் வேறாக இருந்தது. 1863 முதல் சுவீடனில் இருபத்தைந்து வயது நிறைந்த மணமாகாத பெண், தன் சொத்தையும் வழக்கையும் தானே நடத்தும் முழு உரிமை பெற்றவளானாள். அவளே மணம் செய்துகொண்ட அன்று கணவனின் காப்பாட்சிக்குள் சென்றாள். இந்நிலை 1920ஆம் ஆண்டின் மணச்சட்டம் நடைமுறைக்கு வரும்வரை மாறவில்லை. பெண்ணின் தன்னுரிமையைப் போற்றிய ஓர் ஆண் அவளை நேசிக்கவும் வேண்டும், அவளுக்குச் சட்டப்படி எசமானாகவும் ஆகக் கூடாது என்றால், மணம் செய்யாமல் வாழ்வதே அவன் முன்னிருந்த நேர்மையான வழி. இவ்வழியைத் தெரிந்தெடுத்தோரின் உறவு 'மனச்சாட்சி மணம்' என்று குறிக்கப்பட்டது.

அவர்களுள் மிகவும் அறியப்பட்ட இணையர் பொருளியலறிஞர் க்னூட் விக்செலும் (1851–1926) நார்வே நாட்டவரான அன்னா புக்கேயும் (1862–1928) ஆவர். வட்டிக்கும் விலைமட்டத்திற்கும் இடையிலான தொடர்பைப் பற்றிய விக்செலின் கோட்பாடு இன்றும் நடுவண் வங்கிகளின் சிந்தனையில் உயிரோடிருக்கிறது. ஆனால் அவர் காலத்தில் அவர் பெயர் 1880இல் உப்சாலாவில் குடிப்பழக்கத்தின் காரணங்களையும் கருத்தடையையும் பற்றி ஆற்றிய உரையால்தான் பரவியது. வறுமையில் உழலும் இளைஞர்கள் பல்லாண்டுகள் காதலை ஒத்திப்போட நேர்வதே பல தீமைகளுக்கு வேர், குழந்தைப்பேற்றைக் கட்டுப்படுத்த முடிந்தால் அவர்கள் இளமையிலேயே இணைந்து வாழலாம் என்பது அவர் கருத்து. அன்னா புக்கே நார்வேயின் பெண்ணுரிமைச் சங்கத்திற்குத் தலைமை வகித்தவர். 1889இல் பாரிஸில் இருவரும் சடங்கோ பதிவோ இன்றி இணைவாழ்வைத் தொடங்கினர்; முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து 1926இல் விக்செல் மறைந்த நாள்வரை அவ்வாழ்வு நீடித்தது.

அவர்கள் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. விண்ணப்பத்தில் மன்னரின் பணிவுமிக்க ஊழியன் என்று கையொப்பமிட மறுத்த விக்செல், ஐம்பது வயதுவாக்கில்தான் லூண்ட் பல்கலைக்கழகத்தில் நிலையான பணி பெற்றார். சமயத்தை இழித்துப் பேசியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1910இல் இஸ்டாட் சிறையில் இரண்டு மாதங்கள் கழித்தார். இரு மகன்களுள் ஒருவரை இளவயதில் பறிகொடுத்தனர். அக்காலத்தில் அன்னா தம் வாழ்வைத் துணையின் நிழலில் ஒடுக்கிக்கொள்ளவில்லை: லூண்டில் சட்டம் பயின்று 1911இல் பட்டம் பெற்றார், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் இயக்கத்தில் உழைத்தார், பின்னர் சர்வதேச சங்கத்தில் சுவீடனின் பிரதிநிதிகளுள் ஒருவராகவும், அச்சங்கம் பிற நாடுகளின் ஆட்சிப்பொறுப்பில் விட்ட பகுதிகளைக் கண்காணித்த நிலையான ஆணையத்தின் உறுப்பினராகவும் பணியாற்றினார். அரசின் பெயரால் உலக அவையில் அமர்ந்த ஒரு பெண்மணியின் இல்வாழ்வை அந்த அரசின் சட்டம் மணமாக அறிந்திருக்கவில்லை. இருவரும் தத்தம் பணியில் தழைக்க மற்றவர் இடமளித்த இவ்வுறவே, சடங்கு இல்லையேல் பொறுப்பும் இராது என்று வாதிட்டவர்களுக்குத் தரப்பட்ட நிறைவான மறுமொழி. அறிஞர் எல்லென் கேய் காதலையும் மணத்தையும் பற்றி எழுதிய நூல்கள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் உலகின் பல மொழிகளுக்குச் சென்று, அன்பே மணத்தின் அறநெறி அடிப்படை என்னும் கருத்தைப் பரப்பின.

1908இல் சமயச் சார்பற்ற பதிவுமணம் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. பழைய நிச்சயத்தின் சட்ட வலிமையை 1915ஆம் ஆண்டின் சட்டம் பெருமளவு குறைத்தது. 1920ஆம் ஆண்டின் சட்டம் கணவனையும் மனைவியையும் சம உரிமையுடையவர்களாக்கியபோது, மணத்தை மறுக்கக் கொள்கை வழியிலான காரணமும் வலுவிழந்தது. ஊதியம் உயர்ந்து, வீடு கிடைப்பது எளிதாகி, 1940கள் முதல் 1960களின் நடுப்பகுதி வரை சுவீடன் மக்கள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இளவயதிலும் பெருந்தொகையிலும் மணம் செய்துகொண்டனர். பிற்கால விவாதங்களில் 'மரபு' என்று காட்டப்பட்டது இந்த இருபது முப்பது ஆண்டுகளின் நிலையே. நெடுங்கால வரலாற்றில் வைத்துப் பார்த்தால் அதுவே விதிவிலக்கு. அப்போதும் நிச்சய மோதிரத்தை ஆண், பெண் இருவரும் அணியும் வழக்கமும், நிச்சயத்திற்குப் பின் நெருங்கி வாழ்வதை வீட்டார் கடிந்துகொள்ளாத மனப்பான்மையும் மறையவில்லை.

அதன்பின் நிகழ்ந்த மாற்றம் மிக விரைவானது. 1966இல் 61,000 மணங்கள் நடைபெற்ற நாட்டில் 1973இல் 38,000 மட்டுமே நடந்தன. கருத்தடை மாத்திரை 1964இல் ஒப்புதல் பெற்றது. பத்து ஆண்டுகளில் பத்து இலட்சம் வீடுகள் கட்டும் அரசுத் திட்டம் 1965இல் தொடங்கியதால் இளைஞர்களுக்குத் தனி வீடு எட்டக்கூடியதாயிற்று. 1971 முதல் கணவன் மனைவியரின் ஊதியத்திற்குத் தனித்தனியே வரி விதிக்கப்பட்டது. காதலர் பிரிந்து போனதால் இவ்வீழ்ச்சி நேரவில்லை. அவர்கள் முன்போலவே இணைந்தனர், வீடு அமைத்தனர், குழந்தை பெற்றனர், தேவாலயத்திற்கோ பதிவு அலுவலகத்திற்கோ செல்வதை மட்டும் தள்ளிவைத்தனர். 1969இல் நீதித்துறை அமைச்சர் ஹெர்மன் க்ளிங் குடும்பச் சட்டக் குழுவுக்கு அளித்த நெறிமுறைகள், வெவ்வேறு வகை இணைவாழ்வுகளுக்கிடையே சட்டம் இயன்றவரை நடுநிலை வகிக்க வேண்டும் என்று கூறின. 1973ஆம் ஆண்டில் இரு செயல்கள் ஒருங்கே நிகழ்ந்தன: நிச்சயம் என்பது சட்டத்திலிருந்து அறவே நீக்கப்பட்டது; மணமின்றிச் சேர்ந்து வாழ்வோர் பிரியும்போது, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருந்தாலும், வீடு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே கிடைக்க வழிசெய்யும் சட்டமும் இயற்றப்பட்டது. பழைய வாசல் மூடப்பட்ட ஆண்டிலேயே புதிய வாசல் திறந்தது.

1987இல் நிறைவேறி மறு ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த சம்போ சட்டம், கூட்டாகப் பயன்படுத்தவென்று சம்பாதித்த வீடும் வீட்டுப் பொருள்களும் பிரிவின்போது சமமாகப் பகிரப்பட வேண்டும் என்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் ஒரே பாலினத்தவரான இணையரையும் மற்ற இணையரையும் ஒரே சட்டத்திற்குள் கொண்டுவந்தது. இடையே நேர்ந்த ஒரு நிகழ்வு இவ்வுறவுகளின் நீடிப்பைப் புலப்படுத்துகிறது. கைம்பெண் ஓய்வூதியம் 1990 முதல் நீக்கப்படும், 1989 முடிவதற்குள் மணந்திருப்போருக்கு மட்டும் இடைக்கால விதிகள் பொருந்தும் என அறிவிக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 44,000ஆக இருந்த மணங்கள் 1989இல் 1,08,000ஐத் தாண்டின. டிசம்பரில் மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை. இவ்வளவு பேர் சில வாரங்களில் துணை தேடிக் காதல் கொண்டிருக்க இயலாது. வளர்ந்த பிள்ளைகளோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களே பலரும் மணப்பதிவுக்கு வந்து நின்றனர். மறு ஆண்டிலேயே எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கிவிட்டது.

சட்டம் இன்னும் கண்திறக்காத இடம் இறப்பு. பிரிந்து செல்லும் சம்போவுக்கு வீட்டில் பங்கு தரும் அதே சட்டம், இறுதிவரை பிரியாமல் வாழ்ந்து துணையை இழந்தவருக்கு வாரிசுரிமை அளிப்பதில்லை. கூட்டாகச் சம்பாதித்த வீட்டிலும் வீட்டுப் பொருள்களிலும் ஒரு பங்கும், விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் கணக்கிடப்படும் அடிப்படைத் தொகையின் இரு மடங்கு வரையிலான ஒரு குறைந்தளவுப் பாதுகாப்பும் மட்டுமே அவருக்கு உண்டு. இருவரும் பல கோடைகளைக் கழித்த ஏரிக்கரைக் கோடை வீடும் சேமிப்பும் அக்கணக்கில் சேர்வதில்லை. உயில் எழுதப்படாமல் இருந்து, இறந்தவருக்குப் பிள்ளையோ பெற்றோரோ உடன்பிறந்தாரோ அவர்தம் மக்களோ, தாத்தா பாட்டியோ, அத்தை, மாமா, சித்தப்பா முறையினரோ எவரும் இல்லையெனில், நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரைக் கடந்து எஞ்சிய சொத்து 1928இல் நிறுவப்பட்ட அரசின் பொது வாரிசு நிதிக்குச் செல்கிறது. உயில் எழுதிக்கொள்ளலாமே என்னும் வழக்கமான விடை, நம்பிக்கையை எழுத்தில் வடிக்கத் தேவையில்லை என்று வாழ்ந்தவர்களிடம் கூறத் தக்கதன்று. வாக்கை நம்பி இணைந்த பெண்ணை 1734ஆம் ஆண்டின் சட்டப்படி நீதிமன்றம் மனைவியென்று அறிவிக்க முடிந்ததென்றால், இன்றைய நாடாளுமன்றம் நெடுநாள் துணைவருக்கு வாரிசுரிமை வழங்கத் தயங்குவதற்கு ஏற்கத்தக்க காரணம் இல்லை. அவ்வுரிமை கிடைக்கும்வரை, முதுமையை நெருங்கும் சம்போக்கள் பலர் விருந்தோ அறிவிப்போ இன்றி, இரு சாட்சிகளை மட்டும் அழைத்துக்கொண்டு பதிவுமணம் செய்துகொள்வது தொடரும்.